சாலைக்குழிகளால் தானுந்துச் சக்கரத்துக்கும் டயருக்கும் ஏற்படும் சேதம்

சாலைக்குழிச் சேதம் என்பது, சாலையின் மேற்பரப்பில் உள்ள குழி ஒன்றில் தானுந்தின் (கார்) சக்கரம் இறங்கி ஏறும்போது டயர், ரிம், அவற்றைத் தாங்கும் தொங்கல் அமைப்பு (சஸ்பென்ஷன்) ஆகியவற்றுக்கு ஏற்படும் பாதிப்பு ஆகும். இச்சேதத்தின் பெரும்பகுதி உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. உள்ளிருக்கும் இழைகள் அறுந்துபோன டயர், மேற்பார்வைக்கு முழுமையாகவே தோன்றக்கூடும். சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ பிறகு, நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் வேளையில் அது வெடிக்க வாய்ப்புண்டு. ஆகையால் குழியில் மோதிய பின்னர் சக்கரத்தை முறையாகச் சோதிப்பது, மோதலைத் தவிர்ப்பதற்கு இணையான முக்கியத்துவம் உடையது.

குழிகள் உருவாகும் விதம்

தார்ச்சாலையின் மேற்பரப்பு, சரளைக்கற்களைத் தார் கொண்டு பிணைத்து அமைக்கப்படுகிறது. வெயில், வாகனச் சுமை, தாரின் முதுமை ஆகியவற்றால் அதில் மெல்லிய வெடிப்புகள் தோன்றுகின்றன. மழைநீர் அவ்வெடிப்புகளின் வழியே இறங்கி, கற்களிலிருந்து தாரைப் பிரிப்பதோடு அடியிலுள்ள மண்ணையும் சரளையையும் இளக்குகிறது. அடித்தளம் வலுவிழந்த இடத்தின் மீது வாகனங்கள் தொடர்ந்து செல்லும்போது மேல்தளம் உடைந்து, சில்லுகளாகப் பெயர்ந்து குழியாகிறது. தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குழிகள் பெருகுவதற்கு இதுவே காரணம்.

குளிர்நாடுகளில் மற்றொரு காரணமும் சேர்கிறது. நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. வெடிப்புக்குள் உறைந்த நீர் சாலையை விரித்துப் பிளக்கிறது. பனி உருகியபின் அவ்விடம் வெற்றிடமாகி இடிகிறது. பிரித்தானியா, கனடா போன்ற நாடுகளில் குளிர்காலத்தின் முடிவில் குழிகள் மிகுதியாகக் காணப்படுவது இதனாலேயே ஆகும்.

டயரின் அமைப்பு

சேதத்தைப் புரிந்துகொள்ள டயரின் அமைப்பை அறிவது தேவை. இன்றைய தானுந்துகளில் பயன்படுவது ரேடியல் வகை டயர் ஆகும். மிச்செலின் நிறுவனம் இவ்வகையை 1946-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்று, 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதில் பாலியெஸ்டர் போன்ற இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு ஆரவாக்கில் ஓடுகின்றன. சாலையைத் தொடும் மேற்பகுதிக்கு (டிரெட்) அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் உள்ளன. ரிம்மைப் பற்றிக்கொள்ளும் இரு விளிம்புகளிலும் எஃகுக் கம்பி வளையங்கள் உள்ளன.

மேற்பகுதிக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட பகுதி பக்கச்சுவர் எனப்படும். இங்கு எஃகுப் பட்டைகள் இல்லை. ரப்பரும் இழைகளும் மட்டுமே உள்ளன. பக்கச்சுவர் வளைந்து கொடுப்பதால்தான் பயணம் மென்மையாக அமைகிறது. அதே காரணத்தால் டயரின் மிக வலுவற்ற பகுதியும் இதுவே.

பக்கச்சுவரில் பொறிக்கப்பட்ட குறியீட்டிலிருந்து அதன் உயரத்தைக் கணக்கிடலாம். 205/55 ஆர்16 என்பதில் 205 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 55 என்பது அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு. 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ஆகவே பக்கச்சுவரின் உயரம் ஏறத்தாழ 113 மிமீ. அழகுக்காகப் பெரிய ரிம் பொருத்துவோர் இதற்கு மாற்றாக 225/40 ஆர்18 அளவைத் தெரிவு செய்வதுண்டு. இரண்டிலும் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் பின்னதன் பக்கச்சுவர் 90 மிமீ மட்டுமே. குறைந்துபோன 23 மிமீ, குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே மெத்தையாக இருந்த பகுதி ஆகும்.

டயரில் சேதம் நிகழும் விதம்

சக்கரம் குழிக்குள் இறங்கும்போது பெரும்பாலும் சேதம் ஏற்படுவதில்லை. எதிர்ப்புற விளிம்பில் மோதி மேலேறும்போதே ஏற்படுகிறது. கூர்மையான விளிம்பு டயரை உள்நோக்கி அழுத்துகிறது. அழுத்தம் மிகுந்தால் பக்கச்சுவர் முற்றிலும் மடிந்து, ஒருபுறம் குழியின் விளிம்பும் மறுபுறம் ரிம்மும் அதனை நசுக்குகின்றன. ரப்பர் மீளும் தன்மை உடையதால் பழைய வடிவுக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் உள்ளிருக்கும் இழைகள் அறுபடுகின்றன.

இழைகள் அறுந்த இடத்தில் காற்றழுத்தத்தைத் தாங்க ரப்பர் மட்டுமே எஞ்சுகிறது. எனவே அவ்விடம் வெளிநோக்கி முட்டை போலப் புடைக்கிறது. இப்புடைப்பு உடனே தோன்றலாம். பல கிலோமீட்டர் ஓடிய பின்னரும் தோன்றலாம். சக்கரம் சுழலும்போது புடைப்பு ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து வெப்பமடைகிறது. வேகமும் சுமையும் மிகும்போது அவ்விடத்தில் டயர் வெடிக்கக்கூடும்.

புடைப்பையும் பள்ளத்தையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. சில டயர்களின் பக்கச்சுவரில் ஆரவாக்கில் மெல்லிய பள்ளம் காணப்படும். உற்பத்தியின்போது இழைத்துணியின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இணையும் இடம் அது. அங்கு இழைகள் இரட்டிப்பாக இருப்பதால் ரப்பர் குறைவாக விரிகிறது. இது குறைபாடு அன்று. வெளிநோக்கிய புடைப்பே ஆபத்தானது.

சேதத்தின் அளவைப் பின்வருவன தீர்மானிக்கின்றன.

வேகம்: இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. மணிக்கு 60 கிமீ வேகத்திலிருந்து 30 கிமீ ஆகக் குறைத்தால் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிறது. இவ்வாற்றல் முழுவதும் டயரில் இறங்குவதில்லை எனினும், வேகக் குறைப்பே மிகச் சிறந்த பாதுகாப்பு என்பதை இது உணர்த்தும்.

காற்றழுத்தம்: காற்று குறைவாக உள்ள டயர் எளிதில் மடிந்து நசுங்குகிறது. அளவுக்கு மீறிய காற்றும் நல்லதன்று. டயர் வளைந்து கொடுக்காமல் அதிர்ச்சியை ரிம்முக்கும் தொங்கல் அமைப்புக்கும் கடத்துகிறது.

குழியின் விளிம்பு: ஆழத்தைக் காட்டிலும் விளிம்பின் கூர்மையே பல வேளைகளில் முக்கியமானது. ஆழமற்றதாயினும் செங்குத்தான விளிம்புடைய குழி, சரிவான விளிம்புடைய ஆழ்ந்த குழியை விடத் தீங்கானது.

ரிம்மின் சேதம்

எஃகுத் தகட்டில் அழுத்தி உருவாக்கப்படும் ரிம்கள் அடிபட்டால் பெரும்பாலும் நெளிகின்றன. அலுமினியக் கலப்புலோக வார்ப்பு ரிம்கள் (அலாய் வீல்) எடை குறைந்தவை. அவை நெளிவதோடு விரிசலும் விடக்கூடும். விரிசல் முடியிழை போல மெல்லியதாக இருப்பதால் எளிதில் தென்படாது. வாகனத்தின் அடிப்பகுதியை நோக்கிய உட்புற விளிம்பில் இச்சேதங்கள் அடிக்கடி ஏற்படுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அப்பகுதி மறைந்திருக்கும்.

கலப்புலோக ரிம்களின் தாங்குதிறனைச் சோதிக்க ஐஎஸ்ஓ 7141 என்னும் பன்னாட்டுச் சீர்தரம் உள்ளது. டயர் பூட்டிய சக்கரத்தை 13 பாகை சாய்வாக நிறுத்தி, அதன் விளிம்பின் மீது 230 மிமீ உயரத்திலிருந்து எடையொன்றை விழச் செய்கின்றனர். சக்கரம் தாங்கவேண்டிய மிகுந்த சுமையின் 0.6 பங்கோடு 180 கிகி சேர்த்து அவ்வெடை கணக்கிடப்படுகிறது. 500 கிகி தாங்கும் சக்கரத்துக்கு இது 480 கிகி ஆகும். சக்கரத்தின் நடுப்பகுதி உடையாமலும் காற்று ஒரு நிமிடத்துக்குள் முற்றிலும் வெளியேறாமலும் இருந்தால் அது தேறியதாகும். அடிபட்ட இடம் நெளிவதைத் தோல்வியாகச் சீர்தரம் கருதுவதில்லை. ஆகவே தரச் சான்று பெற்ற ரிம்மும் குழியில் நெளியக்கூடும் என்பது கருதத்தக்கது.

தொங்கல் அமைப்பில் ஏற்படும் சேதம்

ரிம்மைத் தாண்டும் அதிர்ச்சி, அதிர்வுத் தாங்கி (ஷாக் அப்சார்பர்), கீழ்க்கை, அதன் ரப்பர் புஷ்கள், திசைதிருப்பு அமைப்பின் இணைப்புத் தண்டு, சக்கரத் தாங்கி (வீல் பேரிங்) ஆகியவற்றைச் சென்றடைகிறது. இவற்றில் ஒன்று சிறிதே வளைந்தாலும் சக்கரத்தின் கோணம் மாறிவிடும். கோணம் மாறிய சக்கரம் சாலையில் உரசிக்கொண்டே செல்வதால், டயரின் ஒருபுறம் மட்டும் விரைந்து தேய்கிறது.

மோதலுக்குப் பின் செய்யவேண்டிய சோதனை

பலத்த மோதலுக்குப் பின், எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, போக்குவரத்துக்கு அப்பால் பாதுகாப்பான இடத்தில் வாகனத்தை நிறுத்தவேண்டும். சோதனையைப் பின்வரும் வரிசையில் செய்யலாம்.

1. டயரில் காற்று இறங்குகிறதா எனப் பார்த்தல்.
2. வெளிப்புறப் பக்கச்சுவரில் வெட்டு, கிழிசல், புடைப்பு உள்ளனவா எனக் கண்ணாலும் கையாலும் அறிதல். கம்பி நீட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால் கையுறை அணிவது நன்று.
3. முன்சக்கரமாயின் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி, உட்புறப் பக்கச்சுவரையும் ரிம்மின் உள்விளிம்பையும் பார்த்தல்.
4. அதே பக்கத்துப் பின்சக்கரத்தையும் சோதித்தல். முன்சக்கரம் இறங்கிய குழியில் அதுவும் இறங்கியிருக்கக்கூடும்.
5. வாகனத்தின் அடியில் எண்ணெய்க் கசிவு உள்ளதா எனப் பார்த்தல்.

புடைப்போ கிழிசலோ காணப்பட்டால், தொடர்ந்து ஓட்டாமல் மாற்றுச் சக்கரத்தை (ஸ்டெப்னி) பொருத்தவேண்டும். குறுகிய வகைத் தற்காலிகச் சக்கரமாயின் மணிக்கு 80 கிமீ வேகத்தை மீறலாகாது.

ஒன்றும் தென்படாவிடினும் சோதனை முடிந்துவிட்டதாகக் கொள்ள இயலாது. அடுத்த சில வாரங்களுக்குப் பக்கச்சுவரை அவ்வப்போது பார்க்கவேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் ரிம் நெளிந்திருக்கலாம், அல்லது டயர் புடைத்திருக்கலாம். நேரான சாலையில் வாகனம் ஒருபுறம் இழுத்தால் சக்கரக் கோணம் மாறியிருக்கலாம். வேகத்தோடு கூடும் முனகல் ஒலி சக்கரத் தாங்கியின் பழுதைக் குறிக்கலாம். வாரந்தோறும் ஒரே சக்கரத்தில் காற்று குறைந்தால், ரிம்மின் விளிம்பில் சவர்க்கார நீரைப் பூசிக் குமிழ் வருமிடத்தைக் கண்டறியலாம்.

காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி உள்ள வாகனங்களில் காற்று குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். எனினும் இழை அறுந்ததையோ புடைப்பையோ இக்கருவி அறியாது.

பழுதுபார்த்தலும் மாற்றுதலும்

மேற்பகுதியின் நடுவே ஆணி குத்திய சிறு துளையை (பஞ்சர்) உள்ளிருந்து ஒட்டுப்போட்டுச் சரிசெய்யலாம். பக்கச்சுவரின் சேதத்தைச் சரிசெய்ய இயலாது. அறுந்த இழைகளை மீண்டும் இணைக்க வழியில்லை. ஒட்டுப்போட்டோ உள்ளே டியூப் பொருத்தியோ புடைத்த டயரைப் பயன்படுத்துவது ஆபத்தானது. அத்தகைய டயரை மாற்றுவதே ஒரே வழி. புதிய டயர், மாற்றப்படும் டயரின் அளவு, சுமைக் குறியீடு, வேகக் குறியீடு ஆகியவற்றுக்குக் குறையாததாக இருத்தல் வேண்டும். ஒரே அச்சில் உள்ள இரு டயர்களின் தேய்மானமும் மிகவும் வேறுபடுமாயின் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நன்று.

சிறிது நெளிந்த எஃகு ரிம்மைப் பட்டறையில் பெண்டு எடுத்துச் சீராக்கலாம். கலப்புலோக ரிம்மில் எச்சரிக்கை தேவை. அதன் வலிமை, வார்த்தபின் செய்யப்படும் வெப்பப் பதப்படுத்தலால் கிடைக்கிறது. மீண்டும் சூடாக்கித் தட்டும்போது அவ்வலிமை குறையக்கூடும். விரிசல் விட்ட ரிம்மைப் பற்றவைத்துப் பயன்படுத்துவது தவிர்க்கப்படவேண்டும். பழுது நீக்கியபின் சக்கரச் சமன்பாடும் (வீல் பேலன்சிங்) கோணச் சீரமைப்பும் (வீல் அலைன்மெண்ட்) செய்துகொள்ளவேண்டும்.

தவிர்க்கும் முறைகள்

முன்செல்லும் வாகனத்துக்கு நல்ல இடைவெளி விட்டால், அதன் அடியிலிருந்து வெளிப்படும் குழியைக் காண நேரம் கிடைக்கும். சாலையில் தேங்கிய நீரின் அடியில் குழி இருக்கக்கூடும் எனக் கருதவேண்டும். குழிக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, சக்கரம் அதில் இறங்கும் கணத்தில் தடையிலிருந்து (பிரேக்) காலை எடுத்துவிடவேண்டும். தடை அழுத்தும்போது எடை முன்னோக்கிச் சாய்ந்து முன்சுருள்கள் அமுங்குவதால், அதிர்ச்சியை ஏற்க அவற்றுக்கு இடம் குறைகிறது. குழியைத் தவிர்க்கச் சட்டென வளைப்பது, அருகில் வரும் இருசக்கர வாகனத்தினருக்கு உயிராபத்தை விளைவிக்கலாம். அந்நிலையில் குழியில் மெதுவாக இறங்குவதே மேல்.

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கவேண்டும். உரிய அளவு ஓட்டுநர் கதவுத் தூணிலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ பொறிக்கப்பட்டிருக்கும். பக்கச்சுவரில் காணப்படும் எண் அத்டயர் தாங்கும் உச்ச அழுத்தமேயன்றிப் பரிந்துரைக்கப்பட்ட அளவு அன்று.

சட்டமும் காப்பீடும்

இந்தியாவின் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டு குழிகளால் நேர்ந்த விபத்துகளில் 1,856 பேர் இறந்தனர். இது எல்லா வகை வாகனங்களையும் உள்ளடக்கிய எண்ணிக்கை ஆகும். 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், சாலை அமைப்பு மற்றும் பராமரிப்புத் தரங்களைக் கடைப்பிடிக்கத் தவறி உயிரிழப்போ உடற்குறையோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. இங்கிலாந்தில் 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டப்படி வாகனச் சேதத்துக்கும் இழப்பீடு கோரலாம். எனினும் சாலையை உரிய முறையில் கண்காணித்துப் பராமரித்ததை நிறுவினால், அதிகார அமைப்பு பொறுப்பிலிருந்து விலகலாம்.

இந்தியாவின் வழக்கமான முழுமைக் காப்பீட்டில், டயர் மட்டும் சேதமடைந்தால் இழப்பீடு கிடைப்பதில்லை. அதே நிகழ்வில் வாகனமும் சேதமுற்றிருந்தால் புதிய டயர் விலையில் 50 விழுக்காடு வரை கிடைக்கும். டயருக்கும் ரிம்முக்கும் தனியான கூடுதல் காப்பீடுகள் உள்ளன. உரிமை கோருவதற்கு, குழியும் சேதமும் தெரியும் ஒளிப்படங்களை நாள், நேரம், இடம் ஆகிய குறிப்புகளுடன் வைத்திருப்பது பயன்தரும். போக்குவரத்து மிகுந்த சாலையின் நடுவே நின்று படம் எடுத்தல் ஆகாது.

இவற்றையும் பார்க்கவும்

சாலைக்குழி
டயர்
தொங்கல் அமைப்பு
சாலைப் பாதுகாப்பு