மீனுக்கும் உண்டு தனி வார்டு... தெரியுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டியிருக்கிறீர்களா? சாலையோரம் குவிந்திருக்கும் அந்த வெள்ளை மேடுகள் குழம்புக்கு மட்டும்தான் என்று நினைத்தீர்களா? வீட்டுத் தொட்டியில் நோயில் சுருண்ட வண்ண மீனுக்கும் முதல் மருந்து அந்தக் கல்லுப்புதான்!

எவ்வளவு போட வேண்டும்? லிட்டருக்கு 2 கிராம். நோயாளி மீனை ஒதுக்கி வைக்கும் 20 லிட்டர் தனித்தொட்டிக்கு வெறும் 40 கிராம்! கடல்நீரிலோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம். அப்படியும் உப்பளப் பாத்தியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் வற்றிய பிறகுதான் உப்பு விளையவே ஆரம்பிக்கும்!

நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதே அபூர்வம், தெரியுமா? செவுள் வழியாகத் தண்ணீர் தானாகவே உள்ளே வந்துகொண்டிருக்கும். அதை வெளியேற்ற நாள் முழுக்கச் சிறுநீர் கழித்தபடியே நீந்துகிறது! தொட்டியில் கொஞ்சம் உப்பு சேர்ந்தால் அந்த வேலைப்பளு குறையும். நோயாளிக்கு ஓய்வு! (கொரிடோரஸ் போன்ற சில மீன்களுக்கு உப்பு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. அளவைக் குறையுங்கள்.)

மீன் மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவா? ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இருப்பது ஒரே ஒரு செல் கொண்ட ஓர் உயிர்! 1 மில்லிமீட்டர் வரை வளரும் அந்தச் செல்லைக் கண்ணாலேயே பார்க்கலாம்! முற்றியதும் மீனை விட்டு இறங்கி, தொட்டியின் அடியில் ஒட்டி, அதிகபட்சம் 1,000 குஞ்சுகளாகப் பிரியும். ஒன்று ஆயிரமா? ஆமாம்! ஆனால் அந்தக் குஞ்சுகளுக்கு ஏறத்தாழ 2 நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் பட்டினிச் சாவுதான்! மருந்து பிடிப்பதும் இப்படி அலையும் நேரத்தில் மட்டுமே. தோலுக்கடியில் இருப்பதை அது தொடாது. புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்துபவர்கள் ஏமாறுவது இதனால்தான்!

தனித்தொட்டியில் மணல், கூழாங்கல், செடி எதுவும் வேண்டாம், தெரியுமா? மொட்டைத் தரை, ஒளிய ஒரு துண்டு பிவிசி குழாய், தனி வலை. அவ்வளவுதான்!

ஸ்பாஞ்ச் ஃபில்டரை மட்டும் புதிதாக மாட்டிவிடாதீர்கள். அதில் நல்ல பாக்டீரியா குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும்! அதற்குள் மீனின் கழிவே மீனுக்கு விஷம். கழிவிலிருந்து வரும் நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் பழுப்பாகிவிடும்! அதைச் செவுள் வாசலிலேயே தடுப்பது எது? உப்பிலுள்ள குளோரைடு! மறுபடியும் உப்பு!

வெள்ளைப்புள்ளிக்குக் கடைக்காரர் தரும் நீல மருந்து, மெத்திலீன் ப்ளூ, முதலில் தயாரானது 1876இல். வெள்ளைப்புள்ளிக் கிருமியை ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்தது எப்போது? அதே 1876!

இறாலுக்கும் வெள்ளைப்புள்ளி நோய் உண்டு, தெரியுமா? ஆனால் அது வைரஸ். அது மீனுக்கு ஒட்டாது, மீனுடையது இறாலுக்கு ஒட்டாது!

மரக்காணம் கரையில் இறால் ஹேச்சரிகள் இருக்கின்றனவே, அங்கே வரும் வன்னமெய் தாய் இறால்கள் எங்கிருந்து வருகின்றன? ஹவாய், ஃபுளோரிடா என்று விமானத்தில்! இறங்கியதும் நேராக ஹேச்சரிக்கா? இல்லவே இல்லை! 2009இலிருந்து முதல் தங்கல், இதே கடற்கரைச் சாலையில் நீலாங்கரையிலுள்ள ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் தனிமைக் கூடத்தில்தான். பரிசோதனையில் கொடிய கிருமி தென்பட்டால்? பல்லாயிரம் மைல் பறந்து வந்த மொத்தச் சரக்கும் அங்கேயே அழிக்கப்படும்!