காலையில் தோசை, இரவில் புரோட்டா: ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம்

சின்ன ஊர் ஹோட்டல்களில் இது வழக்கம்தான். காலை டிபனுக்கு ஒரு மாஸ்டர். இட்லி, பொங்கல், தோசை அவர் பொறுப்பு. சாயங்காலம் ஆனால் வேறொருவர் வந்துவிடுவார். புரோட்டா, சால்னா, முட்டை தோசை எல்லாம் அவர் கணக்கு. அடுப்பும் கல்லும் தண்ணீர்க் குழாயும் அதேதான். ஆனால் கல்லின் சூடு, கரண்டி மாட்டும் ஆணி, டப்பாக்களை அடுக்கும் வரிசை எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். இருவரும் ஒரே நேரத்தில் கல்லின் முன்னால் நிற்க மாட்டார்கள்.

ஒரே மடிக்கணினியில் விண்டோஸும், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவும் இருப்பது இந்தக் கணக்கில்தான். ப்ராசசர்தான் அடுப்பு, ரேம்தான் சமையல் மேடை, எஸ்எஸ்டிதான் ஸ்டோர் ரூம். இயங்குதளம்தான் மாஸ்டர். விண்டோஸைத் தோசை மாஸ்டர் என்றும் உபுண்டுவைப் புரோட்டா மாஸ்டர் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் கணினியைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முறை வைத்துக்கொள்கின்றன. விண்டோஸ் ஓடும்போது உபுண்டு என்பது ஸ்டோர் ரூமில் கிடக்கும் சாமான் மட்டும்தான். ரேமில் ஒரு பைட் கூட அதற்குச் செலவாகாது, வேகமும் குறையாது. தகராறெல்லாம் ஆள் மாறும் நேரத்தில்தான் வரும்.

தமிழ்நாட்டுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், ஆரம்பத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பவர் பட்டனை அழுத்தியதும் ‘எது வேண்டும்?’ என்று கேட்கும் திரையை எத்தனையோ பிள்ளைகள் முதன்முதலில் பார்த்தது அதில்தான்.

ஷட்டரைத் தூக்குபவர்

பட்டனை அழுத்தியவுடன் விண்டோஸும் வராது, லினக்ஸும் வராது. மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய ஃப்ளாஷ் சிப்பில் ஃபர்ம்வேர் என்ற நிரல் இருக்கிறது. முதலில் எழுவது அதுதான். அதிகாலையில் ஷட்டரைத் தூக்கி, லைட்டைப் போட்டு, சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கும் ஆள் இவர். ரேம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் பதில் சொல்கின்றனவா என்று சரிபார்ப்பார். இவருக்குச் சமைக்கத் தெரியாது. எந்த மாஸ்டரைக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இந்த வேலையைச் செய்தது பயாஸ். அந்த வழியில் வந்த கணினிகளில் டிஸ்கின் முதல் 512 பைட்டை எடுத்து அப்படியே ஓட்டிவிடுவார்கள். அந்த 512-இல் நிரலுக்கு 446 பைட், ஸ்டோர் ரூமின் தடுப்புகளைக் குறித்த அட்டவணைக்கு 64 பைட், கடைசி 2 பைட் முத்திரை. கதவில் ஒரே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டத்தான் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வந்தவர் முந்தையவரின் சீட்டைக் கிழித்துவிட்டுத் தன் பெயரை ஒட்டுவார். விண்டோஸ் எப்போதும் அப்படித்தான் செய்தது. ‘முதலில் விண்டோஸைப் போடு, அதன்மேல் லினக்ஸைப் போடு’ என்று இன்றும் சொல்கிறார்களே, அந்த அறிவுரை பிறந்தது இதனால்தான்.

இப்போதைய கணினிகளில் பயாஸின் இடத்தில் யுஇஎஃப்ஐ இருக்கிறது. இன்டெல் தன் இட்டானியம் சிப்புக்காகத் தொடங்கிய வேலை இது. 2005-இல் பல நிறுவனங்கள் சேர்ந்து அதைப் பொதுத் தரமாக்கின. இவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். அதாவது, டிஸ்கில் உள்ள ஃபைல்களைத் திறந்து பார்க்கத் தெரியும். வாசலை ஒட்டி எல்லாருக்கும் பொதுவாக ஒரு சின்ன அலமாரி. அதுதான் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். விண்டோஸ் நிறுவும்போது வழக்கமாக 100 எம்பி அளவில் இதை ஒதுக்கிவிடும். உள்ளே போய்ப் பார்த்தால் ‘மைக்ரோசாஃப்ட்’ என்று ஒரு ஃபோல்டர், ‘உபுண்டு’ என்று ஒரு ஃபோல்டர். ஆளுக்கொரு தட்டு இருப்பதால் யாரும் யாருடைய சீட்டையும் கிழிக்க வேண்டியதில்லை.

யாரை முதலில் கூப்பிடுவது என்ற பட்டியல் அந்த அலமாரியில் இருக்காது, மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். கணினியைப் போட்டவுடன் எஃப்12 அல்லது அந்த நிறுவனம் வைத்திருக்கும் வேறு பட்டனைத் தட்டினால் ‘உபுண்டு’, ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று பெயர்கள் வரிசையாக வரும். ஒரு பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு உபுண்டு காணாமல் போய்விட்டது என்று யாராவது புலம்பினால், பெரும்பாலும் அது எங்கும் போயிருக்காது. இந்தப் பட்டியலில் வரிசை மாறியிருக்கும், அவ்வளவுதான்.

ஸ்டோர் ரூமில் தடுப்பு

இரண்டு மாஸ்டர்களின் சாமானும் கலக்காமல் இருக்க ஸ்டோர் ரூமைத் தடுக்க வேண்டும். பார்ட்டிஷன் என்பது அதுதான். பழைய முறையில் நான்கு தடுப்புக்கு மேல் நேரடியாகப் போட முடியாது, 2 டிபிக்கு மேற்பட்ட இடத்தைக் கணக்கில் எடுக்கவும் முடியாது. இப்போதுள்ள ஜிபிடி முறையில் வழக்கமாக 128 தடுப்புகள் வரை போடலாம். தடுப்புகளின் வரைபடம் டிஸ்கின் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் நகல் ஒன்று என இரண்டு இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றொன்றைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

ஏற்கெனவே முழு அறையையும் பிடித்திருக்கும் தோசை மாஸ்டரிடம் ‘கொஞ்சம் தள்ளி வையுங்கள்’ என்று கேட்பதுதான் முதல் வேலை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே ‘ஷ்ரிங்க்’ என்று ஒன்று இருக்கிறது. இங்கே பலர் திகைத்துப்போவார்கள். 200 ஜிபி காலியாக இருக்கும். ஆனால் அதில் ஒரு பகுதியைத்தான் தர முடியும் என்று அது சொல்லும். காரணம், சில ஃபைல்களை விண்டோஸ் ஓடும்போது நகர்த்த முடியாது. அறையின் நடுவில் தரையோடு பதித்த ஆட்டுக்கல் மாதிரி. சுற்றிலும் எவ்வளவு காலியாக இருந்தாலும் அந்தக் கல்லைத் தாண்டித் தடுப்பைத் தள்ள முடியாது. உபுண்டுவுக்குக் குறைந்தது 25 ஜிபி வேண்டும் என்று அதன் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். நிம்மதியாக வேலை பார்க்க அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஒதுக்குவது நல்லது.

அடுக்கும் முறையும் இருவருக்கும் வேறு. விண்டோஸ் என்டிஎஃப்எஸ் முறையில் அடுக்கும், உபுண்டு ஈஎக்ஸ்டி4 முறையில். புரோட்டா மாஸ்டருக்கு அடுத்தவர் அடுக்கையும் படிக்கத் தெரியும். என்டிஎஃப்எஸ்-ஐ லினக்ஸ் வெகுகாலமாகவே படித்து எழுதிவருகிறது. தோசை மாஸ்டருக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஈஎக்ஸ்டி4 தடுப்பைப் பார்த்தால் விண்டோஸுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று புரியாது. அதனால் படம், பாட்டு, ஆவணம் போன்ற பொதுச் சாமானை என்டிஎஃப்எஸ் தடுப்பு ஒன்றில் வைத்தால்தான் இருவருக்கும் கைக்கு எட்டும்.

இன்றைக்கு யார் முறை?

பட்டியலில் உபுண்டு முதலில் இருந்தால் யுஇஎஃப்ஐ அதன் தட்டில் உள்ள நிரலைக் கூப்பிடும். அங்கே செக்யூர் பூட் என்ற ஒரு சோதனை உண்டு. 2012-இல் விண்டோஸ் 8-உடன் பரவலான இது, கையெழுத்து இல்லாத சீட்டோடு வருபவரை அடுக்களைக்குள் விடாது. பெரும்பாலான மதர்போர்டுகளுக்குத் தெரிந்தது மைக்ரோசாஃப்டின் கையெழுத்துதான். அதனால் லினக்ஸ்காரர்கள் ‘ஷிம்’ என்ற குட்டி நிரலை எழுதி, அதில் மட்டும் மைக்ரோசாஃப்டிடம் கையெழுத்து வாங்கிவைத்தார்கள். ஷிம் உள்ளே வந்து, அடுத்து வரும் நிரலில் உபுண்டுவின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து அதை விடும்.

அடுத்து வருவது கிரப். 1995-இல் எரிக் போலின் எழுதத் தொடங்கிய நிரலின் வழிவந்தது. கறுப்பு அல்லது ஊதாத் திரையில் ‘உபுண்டு’, ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று காட்டிவிட்டுச் சில வினாடி காத்திருக்கும் சூப்பர்வைசர் இதுதான். உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸின் மைய நிரலான கெர்னலையும், டிஸ்கை அடையாளம் காணத் தேவையான கருவிகள் அடங்கிய ஒரு சிறு மூட்டையையும் ரேமில் இறக்கிவைக்கும். விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு ஒன்றும் செய்யத் தெரியாது. விண்டோஸின் தட்டில் உள்ள நிரலைத் தட்டி எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் பழக்கம் பாதுகாப்புக் காரணமாக இயல்பிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறது. புதிதாக நிறுவிய லினக்ஸில் விண்டோஸ் பெயர் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அமைப்பு ஃபைலில் ஒரு வரியை மாற்றிப் பட்டியலைப் புதுப்பித்தால் வந்துவிடும்.

கெர்னல் எழுந்து நின்றதும் ஃபர்ம்வேரிடம் ‘இனி நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொள்ளும். ஷட்டர்காரர் போய்விடுவார். கடிகாரத்தை மாற்றுவது, பட்டியலில் பெயர் எழுதுவது போன்ற இரண்டொரு வேலைக்கு மட்டும் கூப்பிட்டால் வருவார். அதற்குப் பிறகு அடுக்களை முழுவதும் ஒருவர் கையில்.

ஆள் மாறும்போது வரும் தகராறு

விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு வசதி. ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுவதும் மூடுவதில்லை. தன் கெர்னல் இருந்த நிலையை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கும். தோசை மாஸ்டர் மாவுப் பாத்திரத்தை மூடி, கரண்டியைச் சட்டியிலேயே விட்டு, ‘விட்ட இடத்திலிருந்து தொடங்கிக்கொள்ளலாம்’ என்று போவதுபோல. ராத்திரி வந்தவர் அவற்றை இடம் மாற்றிவைத்தால், மறுநாள் அவர் பழைய ஞாபகத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையை விடுவார். கணினியில் இதற்குப் பெயர் ஃபைல் சிஸ்டம் சிதைவு. அதனால்தான் அந்த நிலையில் உள்ள விண்டோஸ் தடுப்பை லினக்ஸ் படிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். இந்த வசதியை அணைத்துவிடுவதே தீர்வு. அதற்கு முன் அவசரமென்றால் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள்; அப்போது மட்டும் விண்டோஸ் முழுவதும் மூடும்.

அடுத்தது கடிகாரம். மதர்போர்டில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. அது காட்டுவது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். காலை 10 மணிக்கு விண்டோஸை மூடிவிட்டு லினக்ஸுக்குள் போனால், அது 10-ஐப் பொது நேரமாகக் கொண்டு ஐந்தரை மணி நேரம் கூட்டி, பிற்பகல் 3:30 என்று காட்டும். இன்டர்நெட் கிடைத்ததும் சரியான நேரத்தைக் கண்டு, கடிகாரத்தில் 4:30 என்று திருத்திவைக்கும். மறுபடி விண்டோஸுக்கு வந்தால் விடிகாலை 4:30! இருவரில் ஒருவரை மற்றவர் வழக்கத்துக்கு மாற்றினால் போதும். லினக்ஸில் ஒரே கட்டளையில் முடியும்.

மூன்றாவது பிட்லாக்கர். பல புதிய மடிக்கணினிகளில் விண்டோஸ் தடுப்பு சங்கேதப் பூட்டோடு இருக்கும். கடை திறக்கும் முறை வழக்கம்போல இருந்தால்தான் அந்தப் பூட்டு தானாகத் திறக்கும். நடுவில் புது சூப்பர்வைசர் வந்தால் சந்தேகப்பட்டு, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். நிறுவும் வேலையைத் தொடங்கும் முன்பே அந்தச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இருவரும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால்?

அதற்கு வழி மெய்நிகர் கணினி. தோசை மாஸ்டர் தன் பொறுப்பிலேயே கல்லின் ஒரு மூலையைப் புரோட்டா மாஸ்டருக்கு விடுவது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற நிரலுக்குள் உபுண்டு ஒரு ஜன்னலில் ஓடும். தனக்கு முழு அடுக்களையும் கிடைத்திருக்கிறது என்றே அது நம்பும். இதற்கான உதவியை இன்டெல் 2005-இலும் ஏஎம்டி 2006-இலும் ப்ராசசருக்குள்ளேயே சேர்த்தன. மூட வேண்டாம், திறக்க வேண்டாம், கடிகாரச் சண்டை இல்லை. ஆனால் மேடையைப் பங்கு வைத்தாக வேண்டும். 8 ஜிபி ரேமில் 4 ஜிபியை உள்ளே இருப்பவருக்குக் கொடுத்தால் இருவருக்குமே இடிக்கும்.

லினக்ஸ் கட்டளைகளைப் பழகத்தான் வேண்டும் என்றால் மெய்நிகர் கணினியே போதும். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லும் இருக்கிறது. நாள் முழுவதும் லினக்ஸில் வேலை, கிராஃபிக்ஸ் கார்டின் முழு வலுவும் வேண்டும், ரேம் குறைவு என்றால், இரண்டையும் முறை வைத்து ஓட்டும் டூயல் பூட்தான் சரி. எதைச் செய்தாலும் முக்கியமான ஃபைல்களை வெளியே ஒரு டிஸ்கில் நகலெடுத்த பிறகே தடுப்பில் கை வையுங்கள்.

பிறகு ஒருநாள் லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால் அதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் யுஇஎஃப்ஐ பட்டியலில் விண்டோஸை மேலே ஏற்றி, அது நேராக வருகிறதா என்று பாருங்கள். பிறகுதான் லினக்ஸ் தடுப்பை அழிக்க வேண்டும். கடைசியாக வாசல் அலமாரியில் உள்ள உபுண்டு தட்டை எடுத்துவிடலாம். தடுப்பை முதலில் அழித்தவர்களுக்குக் கறுப்புத் திரையில் ‘கிரப்’ என்ற ஒற்றைச் சொல்லும் துடிக்கும் கர்சரும்தான் வரும். கிரப்பின் தொடக்க நிரல் அலமாரியில் இருக்க, அது படிக்க வேண்டிய பட்டியல் அழித்த தடுப்போடு போய்விட்டது. விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. எஃப்12-ஐத் தட்டி ‘விண்டோஸ் பூட் மேனேஜரை’ நீங்களே கூப்பிட்டால் வந்து நிற்கும்.