"நான் யாரு, சொல்லு பாப்போம்?"

தென்காசிப் பக்கம் டீக்கடை பெஞ்சில் ஒரு பையன் வந்து உட்கார்ந்தால், பெரியவர்கள் முதலில் அவன் பேரைக் கேட்க மாட்டார்கள். "ஏல, நீ யாரு மவன்?" என்றுதான் விசாரிப்பார்கள். அதட்டலாகத் தோன்றினாலும் அதில் ஓர் உரிமை இருக்கும். ஆனால் பதினாறு, பதினேழு வயசில் அந்தக் கேள்வி எரிச்சலூட்டும். அப்பா பேரைச் சொல்லி அறிமுகமானது போதும், இனி என் பேரில் நான் அறியப்பட வேண்டும் என்று ஆசை துளிர்க்கிற வயசு அது. புதுச் சிநேகிதம், புதுக் கிறுக்கு, வீட்டுக்குச் சொல்லாத ஒரு கனவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தன்னைத் தானே கட்டிக்கொண்டிருக்கும்போது தலையில் அடிபட்டு, கடைசி ஒன்றிரண்டு வருஷங்கள் மட்டும் நினைவிலிருந்து போய்விட்டால்?

இது சினிமாவில் மட்டும் நடப்பதல்ல. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஒரே பைக்கில் மூன்று பேர் போவார்கள். ஒரு தலையிலும் ஹெல்மெட் இருக்காது. அருவிக்கரைப் பாறையில் பாசி வழுக்கும். பலத்த அடி என்றால் தென்காசியிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் ஓடும். உயிர் பிழைத்த பிறகுதான் இன்னொரு சிக்கல் தெரியவரும்.

எது போகும், எது நிற்கும்?

சினிமாவில் நினைவு தப்பியவருக்குச் சொந்தப் பேரே மறந்துவிடும். மறுபடி ஓர் அடி விழுந்தால் எல்லாம் திரும்பிவிடும். நிஜத்தில் தலைக்காயத்தால் சொந்தப் பேரும் அம்மா முகமும் மறப்பது அபூர்வம். பெரும்பாலும் போவது, அடிபடுவதற்கு முந்தைய கொஞ்ச காலம். பழைய நினைவு நிற்கும், புதியது உதிரும் என்று பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881-லேயே எழுதிவைத்தார். இரண்டாவது அடி கெடுதலைத்தான் கூட்டும்.

நமக்குத் தெரிந்த உதாரணம், ஒளிப்பதிவாளர் பிரேம்குமார். நண்பர்களோடு கிரிக்கெட் ஆடும்போது விழுந்து தலையில் அடிபட்டு, அண்மைக்கால நினைவுகள் தற்காலிகமாக அவரை விட்டுப் போயின. 2012-ல் வெளியான 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' அந்தச் சம்பவத்தை வைத்து எடுத்ததுதான். படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவரே. பிறகு '96' படத்தை இயக்கினார்.

எல்லோருக்கும் நினைவு அப்படித் திரும்பிவிடுவதில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசனுக்கு வலிப்பு நோய்க்காக 1953-ல் மூளையில் அறுவைசிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது 27. நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் இருபக்கமும் பெரும்பங்கு அகற்றப்பட்டதால், 2008-ல் இறக்கும்வரை புதிய சம்பவம் எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு சோதனை செய்தார். இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம். அதைக் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி, கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். முதல் நாள் கை தடுமாறியது. மூன்றாம் நாள் சுத்தமாக வரைந்தார். முந்தைய நாட்களில் அதை வரைந்ததே அவருக்கு நினைவில்லை. மனசு மறந்ததைக் கை கற்றுக்கொண்டிருந்தது.

இளையவர்களைப் பற்றி லண்டனில் ஃபரானே வர்கா-காதெம் குழு 1997-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பிறப்பிலோ குழந்தைப் பருவத்திலோ ஹிப்போகேம்பஸ் பழுதான மூன்று பேர். காலையில் நடந்ததை மாலையில் சொல்ல அவர்களால் முடியவில்லை. ஆனாலும் சாதாரணப் பள்ளியில் படித்து, எழுத வாசிக்கக் கற்று, பொது அறிவும் பெற்றிருந்தார்கள். நடந்ததை நினைவில் வைப்பதும் பாடத்தை அறிந்துகொள்வதும் ஒன்றல்ல என்பது அதில் புரிந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி

இதெல்லாம் புரியாமல் நாம் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ஒரு கையில் ஹார்லிக்ஸ், மறுகையில் சாத்துக்குடிப் பையோடு வருகிற அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் கட்டிலருகே குனிந்து, "நான் யாரு, சொல்லு பாப்போம்?" என்பார்கள். பாசம்தான், ஆனால் அது பரீட்சை. பையன் குத்துமதிப்பாக ஏதோ சொல்வான். நினைவுக் குறை கடுமையாக இருப்பவருக்கு அந்தத் தப்புப் பதிலே மனதில் பதிந்துவிடும். அதனால்தான் மறுவாழ்வுப் பயிற்சியில் ஊகிக்க விடாமல் விடையை முதலிலேயே கொடுத்துவிடுகிறார்கள். "நான் உன் சித்தப்பா, செங்கோட்டையிலிருந்து வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் போதும்.

பையன் கையில் ஒரு குறிப்பேடும் வேண்டும். இன்று என்ன கிழமை, மாத்திரை போட்டாச்சா, சாயங்காலம் யார் வருவார்கள் என்பதை அவனே தன் கையெழுத்தில் எழுத வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. போன வருஷங்களை அவனுக்கு எடுத்துச் சொல்பவர்கள் வீட்டார். "நீ டாக்டராகணும்னு சொல்லிட்டிருந்தேல்லா" என்பார் அப்பா. பையன் சொன்னானா, அப்பா நினைத்தாரா? சரிபார்க்க அவனிடம் எதுவுமில்லை. வீட்டாருக்குப் பிடித்த பிள்ளையை அவன்மேல் போர்த்திவிடுவது சுலபம். எனவே சிநேகிதர்களும் வந்து பேசட்டும்; வீட்டுக்குத் தெரியாத பாதி அவர்களிடம்தான் இருக்கும்.

ஆய்க்குடி சொல்லும் பாடம்

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் "நான் யார்" என்ற இதே கேள்வியை வேறு முனையிலிருந்து சந்தித்த ஒருவர் இருக்கிறார். பொறியியல் நான்காம் ஆண்டு மாணவரான எஸ். ராமகிருஷ்ணன் 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போனார். உடல்தகுதிச் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவருக்கு நினைவு போகவில்லை, போனது எதிர்காலம். யாராக ஆகப்போகிறோம் என்று வைத்திருந்த பதில் ஒரே நாளில் செல்லாமல் போனது.

பழைய ராமகிருஷ்ணனைத் தேடி அவர் காலம் கடத்தவில்லை. 1981-ல் சொந்த ஊரில் குழந்தைகளுக்காக ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பேரால் அது அமர் சேவா சங்கம் ஆனது. தசைச் சிதைவு நோயுள்ள ஆடிட்டர் சங்கரராமன் பின்னர் வந்து சேர்ந்தார். இன்று சிகிச்சை, பள்ளி, தொழிற்பயிற்சி, முதுகுத்தண்டு காயமுற்றோருக்கான மறுவாழ்வு என்று அது விரிந்திருக்கிறது. 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. "நான் யார்" என்ற கேள்விக்கு அவர் செய்த வேலையே பதிலானது.

நினைவிழந்த பிள்ளைக்கும் அந்த வழி திறந்திருக்க வேண்டும். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. அதன் பிறகுதான் இடைவெளி. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலைக்காயத்தால் வரும் நினைவுக் குறைக்கு அதில் தனி இடமில்லை. நன்றாக நடக்கிறான், பேசுகிறான், ஆனால் நேற்றைய பாடம் நிற்கவில்லை என்கிற பிளஸ் ஒன் மாணவனைப் பள்ளி 'சோம்பேறி' என்று எழுதிவிடக் கூடாது. அவனுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும். கையால் கற்கும் தொழிற்பிரிவுக்கு மாறும் வாய்ப்பு வேண்டும். பழைய மார்க்கை நினைவூட்டாத ஒரு வாத்தியார் வேண்டும். போன ஒரு வருஷத்தை யாராலும் மீட்டுத்தர முடியாமல் போகலாம். வருகிற வருஷத்தில் யாராக இருப்பது என்று தீர்மானிக்கிற உரிமையையாவது அவனிடம் விட்டுவைக்கலாம்.