ஏழு விநாடித் தாளம்

பாட வீடியோ ஒன்றை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்திருப்பீர்கள். ஆசிரியர் அவசரமாகப் பேசுவார். ஆனால் அவர் குரல் கீச்சுக் குரலாவதில்லை. பழைய டேப்ரிக்கார்டரில் நாடாவை அதே வேகத்தில் ஓட்டினால் அணில் பேசுவதுபோல் இருக்கும். ஏன் இந்த வேறுபாடு? விடை தேடி லண்டன் நகரின் நடன அரங்குகளுக்குப் போவோம், வாருங்கள்.

1990களின் தொடக்கத்தில் அங்கே 'ஜங்கிள்' என்னும் இசை வளர்ந்தது. ஜமைக்காவிலிருந்து குடியேறியோர் கொண்டுவந்த ஆழ்ந்த பேஸ் ஒலியும், தலைதெறிக்க ஓடும் டிரம்ஸ் தாளமும் கலந்தது அது. பேஸ் நிதானமாக, பெரும்பாலும் பாதி வேகத்தில் நடக்கும். டிரம்ஸை யாரும் புதிதாக வாசிக்கவில்லை. பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டி எடுத்தார்கள்! அவற்றுள் மிகப் புகழ் பெற்றது, 1969-இல் அமெரிக்காவின் வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட 'ஆமென், பிரதர்'. அதன் நடுவே மற்றக் கருவிகள் ஓய்ந்துவிட, கிரிகரி கோல்மன் என்ற கலைஞர் தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். பதினாறே எண்ணிக்கைகள்.

அதன் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 136 எண்ணிக்கை. 16 × 60 ÷ 136 என்றால் ஏறத்தாழ 7 விநாடி. ஜங்கிளுக்கோ 170 வரை வேண்டும். இசைத்தட்டை 1.25 மடங்கு வேகமாகச் சுழற்றினால் போதுமே என்பீர்கள். போதும், ஆனால் ஒவ்வோர் அதிர்வெண்ணும் 1.25 மடங்காகிவிடும். 200 ஹெர்ட்ஸ் 250 ஆகும். சங்கீதம் கற்பவர்களுக்குச் சொன்னால், 'ச'விலிருந்து அந்தர காந்தாரத்துக்கு ஏறியதுபோல. பெரிய முரசு சிறிய முரசாகிவிட்டது! ஜங்கிளில் கேட்கும் அந்தத் துள்ளலான டிரம்ஸ் ஒலிக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1988-இல் அகாய் எஸ்1000 என்ற 'சாம்பிளர்' கருவி வந்தது. ஒலியலையின் உயரத்தை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 2 பைட்டாகக் குறித்துவைக்கும். அதாவது விநாடிக்கு 88,200 பைட். அடிப்படை நினைவகமோ வெறும் 2 மெகாபைட்! ஒற்றைத் தடத்தில் 24 விநாடிகூட நிரம்பாது. ஏழு விநாடித் தாளத்தின் அருமை இப்போது புரிகிறதல்லவா? உள்ளே போன தாளத்தை அடி அடியாக நறுக்கி, வரிசை மாற்றி, கோல்மன் ஒருநாளும் வாசித்திராத தாளங்களை அடுக்கினார்கள்.

அக்கருவிக்கு இன்னொரு வித்தையும் தெரியும். சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் மாற்றுவது. ஒலியைச் சிறு துண்டுகளாக்கும். நீட்ட வேண்டுமானால் துண்டுகளைத் திரும்ப ஒலிக்கும். குறுக்க வேண்டுமானால் சிலவற்றை விட்டுவிடும். உங்கள் பாட வீடியோவில் நடப்பதும் அடிப்படையில் இதுதான். ஆனால் அன்றைய கருவி இடம் பாராமல் நறுக்கியது. துண்டு 20 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். அது தொடர்ந்து திரும்பினால் விநாடிக்கு 50 முறை, அதாவது மூலத்தில் இல்லாத 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பிறந்துவிடும்! குரல், தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். பொறியாளர் கண்ணில் இது குறை. ஜங்கிள் கலைஞர்களுக்கோ இதுவே பிடித்துப்போயிற்று. 1992-இல் கோல்டி தம் 'டெர்மினேட்டர்' இசையில், வேகம் மாறாமல் டிரம்ஸின் சுருதியை மட்டும் ஏற்றிக் காட்டினார்.

இன்றைய மென்பொருள்கள் அந்தக் குறையைப் பெரும்பாலும் மறைத்துவிடும். ஆயினும் 2024-இல் வந்த புதிய தொகுப்புகள் பழைய நறுக்குத் தாளத்தையே தேடிப் போயின. டிம் ரீப்பர், க்ளோக் இருவரின் 'இன் ஃபுல் எஃபெக்ட்', நியா ஆர்க்கைவ்ஸ் என்ற இளம் பெண் கலைஞரின் 'சைலன்ஸ் இஸ் லவுட்' ஆகியவை அவற்றுள் சில.

இத்தனை பேர் கையாண்ட தாளத்துக்காகக் கோல்மனுக்கு உரிமைத்தொகையாக ஒரு காசும் வரவில்லை. 2006-இல் வீடின்றி, வறுமையில் இறந்தார். 2015-இல் ரசிகர்கள் இணையம் வழியே திரட்டிய சுமார் 24,000 பவுன், குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரைச் சேர்ந்தது. வாசித்தவருக்கு அது ஒன்பது ஆண்டு தாமதம். அந்த ஏழு விநாடியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்துகிறது.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் உங்கள் கைத்தட்டலைப் பதியுங்கள். முதலில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றுங்கள். பிறகு மூலப்பதிவை எடுத்து, சுருதி மாறாமல் மூன்று மடங்கு நீட்டுங்கள். ஒரு தட்டல் இரண்டாகவோ மூன்றாகவோ கேட்கிறதா? துண்டு எங்கே திரும்பியது என்று அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.