செருப்பு ரப்பர் பிரேக் பிடிக்குமா?

சைக்கிளின் பிரேக் ஒயர் நட்டநடுவில் அறுந்து பார்த்தவர்கள் குறைவு. பெரும்பாலும் அது அறுவது லீவருக்குள்ளே, நுனியில் வார்த்திருக்கும் சிறு உலோகக் குண்டை ஒட்டித்தான். காரணம் எளிது. லீவரை அழுத்தினால் அது ஓர் ஆணியைச் சுற்றித் திரும்புகிறது. ஒயரோ நேர்கோட்டில் இழுபட வேண்டும். இரண்டுக்கும் ஒத்துப்போகட்டும் என்றுதான் அந்தக் குண்டு தன் குழிக்குள் லேசாகப் புரண்டுகொடுக்கும்படி வைத்திருக்கிறார்கள். குழியில் துரு ஏறிக் குண்டு இறுகிவிட்டால் புரளாது. அப்போது ஒயர், குண்டின் வாயிலேயே மடங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு பிடிக்கும் ஒரு மடிப்பு.

ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த ஒயர் ஒற்றைக் கம்பியல்ல. பொதுவாக 19 மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்தது. மடங்கி மடங்கி முதலில் ஓர் இழை விடுபடும். வெளியே ஒன்றும் தெரியாது. அதன் பங்குச் சுமையை மற்றவை ஏற்கும், அடுத்தது விடுபடும். உலோகச் சோர்வு என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். மிச்சமிருக்கும் நாலைந்து இழைகள் தெரு நாய்க்கு மெல்லப் பிடிக்கும் பிரேக்கையெல்லாம் தாங்கிவிடும். ஆட்டோ குறுக்கே வந்து நாம் லீவரை நெரிக்கும்போதுதான் கைவிடும்.

பெசன்ட் நகரில் இந்தக் கதை வேகமாக நடக்கிறது. எலியட்ஸ் கடற்கரையில் அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து, உப்புநீர்த் திவலைகள் காற்றில் ஏறுகின்றன. கனமானவை கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் படிந்துவிடும். அதனால்தான் ஆறாவது அவென்யூ வீடுகளின் ஜன்னல் கம்பியும் ஏ.சி. பெட்டியும் உள்தெருவில் இருப்பவற்றைவிட முன்னதாக உதிர்கின்றன. படிந்த உப்பு சும்மா கிடப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாக நீரை இழுத்துக் கரைந்துவிடும். சென்னையில் விடியற்காலையில் அந்த அளவு அநேகமாகத் தினசரி நடப்பு. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம்: 33 சதவீதத்துக்கே ஈரமாகிவிடும். ஆக, மாடிப்படிக்குக் கீழே மழைபடாமல் நிற்கும் சைக்கிளின் ஒயர்கூட மெல்லிய உப்புநீர்ப் போர்வைக்குள்தான் இருக்கிறது.

அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-ல் காரைக்குடியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு மண்டபத்தில் ஓர் ஆய்வுக் கூடம் உண்டு. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் காயவிட்டு, அரிப்பில் எவ்வளவு எடை போகிறது என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். நம் வீட்டு அளவில் அந்த ஆய்வைக் கண்ணாலேயே செய்யலாம். மலிவான பிரேக் ஒயருக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. எஃகுக்கு முன்னால் தான் அரிபட்டு அதைக் காப்பது துத்தநாகத்தின் குணம். லீவரை அழுத்தி உள்ளே எட்டிப் பார்த்தால் முதலில் வெள்ளைப் பொடி தெரியும்: பூச்சு இன்னும் வேலை செய்கிறது. செந்துரு தெரிந்தால் பூச்சு தீர்ந்துவிட்டது. இனி அரிபடுவது இழைகள்.

அறுந்தபின் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சைக்கிள் கடை மூடியிருக்கிறது என்று வையுங்கள். நம் ஊரில் இதற்கு இருக்கும் கைவைத்தியங்களில் ஆகச் சிறந்தது எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் கனெக்டர். பிளாஸ்டிக் உறையைப் பிளேடால் கீறி எடுத்தால் உள்ளே விரல்நகம் அளவில் ஒரு பித்தளைக் குழல், பக்கவாட்டில் இரண்டு திருகு. அறுந்த ஒயரின் பிசிறை வெட்டி, லீவர் வழியாக நுழைத்து, நுனியில் இந்தக் குழலைச் செருகி இரண்டு திருகையும் முடுக்கினால் போன குண்டுக்குப் பதில் புதுக் குண்டு. ஒயர் ஓர் அங்குலம் குட்டையாகியிருக்கும். பிரேக் பக்கத்து நட்டைத் தளர்த்தி அந்த அங்குலத்தை ஈடுகட்டிக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை. இதைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர்.

ஆனால் இது எதனால் நிற்கிறது என்று பார்த்தால் எப்போது நிற்காது என்பதும் தெரிந்துவிடும். வார்த்த குண்டில் ஒயரின் இழைகள் விரிந்து உலோகத்தோடு உலோகமாகப் பிணைந்திருக்கும். கனெக்டரில் பிடிப்பு என்பது இரண்டு திருகு முனைகளின் உராய்வு மட்டுமே. லீவர் நம் விரல் விசையை மூன்று நான்கு மடங்காக்கி ஒயருக்குக் கொடுக்கிறது. 15 கிலோ எடைக்குச் சமமாக நாம் அழுத்தினால் ஒயரில் 50, 60 கிலோ இழுப்பு. பித்தளையோ மெத்தென்ற உலோகம். ஓங்கி முடுக்கினால் மரை வழுக்கிவிடும், மெல்ல முடுக்கினால் ஒயர் வழுக்கிவிடும். திருகின் கூர்முனை சில இழைகளை வெட்டவும் செய்யும். போதாததற்கு, உப்பு ஈரத்தில் பித்தளையும் எஃகும் தொட்டுக்கொண்டிருந்தால் குட்டி மின்கலம் ஒன்று உருவாகி, எஃகுதான் முதலில் அரிபடும். அந்தக் கனெக்டர் குழிக்குள் புரளவும் புரளாது என்பதால் பழைய மடிப்பு மறுபடி தொடங்குகிறது. வீடு போய்ச் சேர அருமையான ஏற்பாடு. மறுநாளைக்கும் அதுவே என்றால் நான் வரமாட்டேன்.

ஒயரின் நுனியில் முடிச்சுப் போடுவது இதைவிடக் கீழ். எஃகை இறுக்கி வளைத்தால் வளைவின் வெளிப்பக்க இழைகள் அப்போதே பாதி இழுபட்டுவிடுகின்றன. கட்டுக்கம்பியை ஒயருக்குப் பதில் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது உடைவதற்கு முன்பே நீளும்.

ஒயரை மட்டுமே குறை சொல்கிறோம். அதைச் சுற்றியுள்ள உறைக்கும் பாதி வேலை உண்டு. எர்னஸ்ட் பௌடன் 1896-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது: உள்ளே இருக்கும் ஒயர் எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவு உறை அமுக்கப்படுகிறது. பிளாஸ்டிக்குக்கு அடியில் நெருக்கமாகச் சுற்றிய எஃகுச் சுருள் இருப்பது அந்த அமுக்கத்தைத் தாங்கத்தான். எங்கேயாவது மடிந்து சுருள் வாய்பிளந்தால், லீவரின் ஓட்டமெல்லாம் அந்தப் பிளவை மூடுவதிலேயே போய்விடும். அதன்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுவது பார்வைக்குத்தான். கெட்ட பகுதியை வெட்டியெறிந்து உறையைக் குட்டையாக்குவது பலன் தரும்.

சரி, செருப்புக்கு வருவோம். தேய்ந்துபோன பிரேக் கட்டைக்குப் பதில் பழைய ஹவாய் செருப்பை நறுக்கித் திணிப்பது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த வித்தை. உராய்வு விசை தொடுபரப்பைப் பெரிதாகச் சாராது. அழுத்தும் விசையையும் தொடும் பொருள்களையும்தான் சாரும். அதனால் சின்னத் துண்டும் பிடிக்கத்தான் செய்யும். சிக்கல் வேறு இடத்தில். செருப்பு ரப்பர் காற்றறைகள் நிறைந்தது. காலுக்கு இதம் தரும் அதே குணம் இங்கே எதிரி: லீவர் ஹேண்ட்பாரைத் தொடும்வரை துண்டு அமுங்கிக்கொண்டே போகும், ரிம்மில் அழுத்தம் ஏறாது. அடுத்தது சூடு. சைக்கிளும் ஆளுமாக 90 கிலோ, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்றால் நிற்பதற்குள் சுமார் 2,170 ஜூல் ஆற்றல் வெப்பமாக வேண்டும். பெரும்பகுதியை ரிம் வாங்கிக்கொள்ளும். தொடும் விளிம்பில் மென்மையான செருப்புத் துண்டு பிசுபிசுத்து உரியும். அதைவிடப் பழைய டயரின் பட்டைத் துண்டு பல மடங்கு மேல். கரித்தூள் கலந்து, கந்தகத்தோடு வேகவைத்துக் கெட்டிப்படுத்திய அந்த ரப்பர் உரசுவதற்கென்றே செய்தது.

மழையில் கணக்கே மாறுகிறது. பழைய சைக்கிள்களின் பளபளக்கும் குரோமியம் பூசிய எஃகு ரிம் நனைந்தால், ரப்பர் கட்டையின் உராய்வு காய்ந்திருக்கும்போது உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் டேவிட் கோர்டன் வில்சனின் சைக்கிள் அறிவியல் நூல் பதிவு செய்திருக்கும் சோதனை முடிவு இது. முழு விசையில் அழுத்திப் பிடித்தும் சக்கரம் சராசரியாக 30 சுற்றுச் சுற்றிய பிறகுதான் பிடிப்பு ஏறத் தொடங்கியது. முழுதாகத் திரும்ப இன்னும் 20 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் என்றாலே 100 மீட்டர் ஆயிற்று. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் திருவிழாக் கூட்டத்தில் மழை பிடித்துக்கொண்டால் 100 மீட்டருக்கு எங்கே போவது? இங்கே ஒரு வேடிக்கை: இங்கிலாந்தில் எஃகு ரிம்முக்கென்றே தோல் பதித்த பிரேக் கட்டைகள் விற்றார்கள். ஈரத்தில் ரப்பரைவிடத் தோல் நன்றாகப் பிடிக்கும். ஆக, செருப்பை அறுப்பதென்று முடிவாகிவிட்டால் ஹவாயை விட்டுவிட்டுத் தோல் செருப்பை அறுக்கலாம்.

ராட் பிரேக் சைக்கிள்காரர்களுக்கு இந்தத் தொல்லைகளில் பாதி இல்லை. 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகள் ஊரெங்கும் பரப்பிய கறுப்பு வண்டிகளில் ஒயரே கிடையாது. கம்பி, மூட்டு, நட்டு. வளைந்தால் சுத்தியலால் தட்டலாம், ஒடிந்தால் வெல்டிங் கடையில் ஒட்டலாம். எடை அதிகம், பிடிப்பு சுமார்; ஆனால் எந்தப் பாகம் கெட்டது என்பது கண்ணுக்குத் தெரியும். இன்று ஈ.சி.ஆர். பக்கம் விடியற்காலையில் பறக்கும் டிஸ்க் பிரேக் சைக்கிள்கள் இதற்கு நேரெதிர். ஆயில் பிரேக்கில் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். கிளைக்கால் வகைத் திரவத்துக்கென்று செய்த ரப்பர் வளையம் மினரல் ஆயிலில் ஊறினால் உப்பிவிடும். மாற்றி ஊற்றினாலும் கெடுதல்தான். கிரீச் சத்தத்துக்குத் தேங்காயெண்ணெய் விடுவோர் எந்தப் பிரேக்கையும் தொடாமல் இருப்பது நல்லது. சத்தத்தைக் குறைக்க, கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே மடித்த பஸ் டிக்கெட்டைச் செருகி, அப்படியே நட்டை முடுக்கிவிட்டு டிக்கெட்டை உருவினால் போதும். முன்முனை முதலில் தொடும், அதிர்வு அடங்கும்.

முன் பிரேக் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு பயம் உண்டு. பிடித்தால் குப்புற விழுவோம் என்று அதைப் பழுதாகவே விட்டுவைப்பார்கள். "பின்னாடி இருக்கே, போதும் சார்" என்பார்கள். நிற்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது, லேசான சக்கரத்தை எவ்வளவு இறுக்கினாலும் அது சறுக்கத்தான் செய்யும். சைக்கிளுக்கான ஐ.எஸ்.ஓ. 4210 தரவிதி இதை ஒப்புக்கொண்டே எழுதப்பட்டிருக்கிறது: 25 கிலோமீட்டர் வேகத்தில் காய்ந்த தரையில் இரண்டு பிரேக்கும் சேர்ந்தால் 7 மீட்டருக்குள் நிற்க வேண்டும், பின் பிரேக் மட்டும் என்றால் 15 மீட்டர் வரை அனுமதி. கடற்கரையில் சுக்கு காபி விற்பவர் சைக்கிளில் கூடுதலாக 40 கிலோ ஏற்றினால், அதே பிடிக்கு அந்த 7 மீட்டர் 10 ஆகும்.

அதே தரவிதியில் இன்னொரு சோதனை இருக்கிறது. வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைத்து, லீவரில் 450 நியூட்டன் விசை வரை கொடுக்கிறார்கள். ஏறத்தாழ 46 கிலோவைத் தொங்கவிட்டது மாதிரி. ஒரு தடவையல்ல, 10 தடவை. தினசரிப் பிடியில் இதில் கால்வாசிகூட யாரும் அழுத்துவதில்லை. எந்தக் கைவைத்தியமும் நூறு முறை மெல்லப் பிடித்ததில் தேறியிருக்கும். ஓங்கிப் பிடிக்கும் அந்த ஒருமுறையில் தேறுமா என்பதற்கு அந்த நூறும் சாட்சியாகாது.

வீட்டில் இதற்குக் கருவி தேவையில்லை. கனெக்டரை முடுக்கியதும், ஒயர் அதன் வாயில் நுழையும் இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுக் காயவிடுங்கள். பிறகு சைக்கிளில் ஏறாமல் பக்கத்தில் நின்றபடி, இரண்டு கை விரல்களாலும் ஒரே லீவரை முழுப் பலத்தோடு 10 தடவை நெரித்துவிட்டுக் கோட்டைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் அன்றைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.