அறிந்தும் விடாமை

தீதென்று அறியாமல் ஒன்றைச் செய்பவர் சிலர். தீதென்று நன்கறிந்தும் அதனை விடமாட்டாது உழல்பவர் பலர். கள்ளுண்ணலின் கேட்டைத் தமிழருக்கு எடுத்துரைக்க நவீன விஞ்ஞானம் வரவேண்டியிருக்கவில்லை. திருவள்ளுவர் பொருட்பாலிலே கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஆறுமுக நாவலர் சிறுவர்க்கென எழுதிய பாலபாடத்திலும் கள்ளுண்ணல் கடியப்பட்டது. அவ்வாறிருந்தும் தவறணைகள் ஒழிந்தில. ஆகவே, கேட்டின் காரணத்தை அறியாமை ஒன்றிலே மட்டும் தேடுதல் பொருந்தாது. அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் இடையே கிடக்கும் வெளி யாது, அதனை எவ்வாறு கடக்கலாம் என்பதே உளநூலார் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவரும் வினாவாகும்.

இவ்வினா யாழ்ப்பாணத்துக்குப் புறம்பானதன்று. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்றது. தோட்டக்காரரின் வீட்டுச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அப்பயிர் தலைமுறை தலைமுறையாகக் கைகொடுத்தது. அதிலிருந்து சுருட்டுத் தொழிலும் வளர்ந்தது. நன்மை தின்மை இரண்டிலும் வந்தவரை வரவேற்பது வெற்றிலைத் தட்டம். பல் இழந்த முதியவர்கூடப் பாக்குரலில் இடித்து, புகையிலைத் துண்டொன்றையும் சேர்த்துக் கொடுப்பினுள் அடக்கிக்கொள்வர். சுண்ணாம்பின் காரத்தன்மை, புகையிலையிலுள்ள நிக்கொட்டினும் பாக்கிலுள்ள அரிக்கோலினும் வாயின் மென்றோல் வழியே விரைவாக இரத்தத்திற் கலக்க உதவுகின்றது. அதனால் உள்ளத்திற்கு ஒருவகை ஊக்கம் உண்டாகின்றது. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் விளைப்பது என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985இல் உறுதிசெய்தது. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்குத் தானும் அவ்வாறே தீயன என்பதை 2004இல் வெளியான அதன் தொகுதி கூறிற்று.

இச்செய்தியைக் கேட்டவுடன் ஒருவர் பழக்கத்தை விடுவாரா? பெரும்பாலும் விடார். "எங்கள் அப்பு சுருட்டுப் பிடித்துக்கொண்டே தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார்" என்பார். இம்மறுமொழியின் இயல்பை அமெரிக்க உளநூலாராகிய லியோன் பெஸ்ரிங்கர் 1957இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 'இது தீது' என்னும் அறிவும் 'இதனை நான் செய்கிறேன்' என்னும் அறிவும் ஒன்றோடொன்று முரணுகின்றன. அம்முரண் மனத்தை வருத்துகின்றது. அவ்வருத்தத்தைத் தீர்க்கப் பழக்கத்தை விடுதல் ஒரு வழி. தீதன்று என்று நம்பிக்கொள்ளுதல் மற்றொரு வழி. பின்னையது எளிதாதலின் மனம் அதனை நாடுகின்றது. நெடுநாள் வாழ்ந்த அப்பு நினைவில் நிற்கிறார். இளவயதில் இறந்தவர் வாதத்திற்கு உதவாமையால் மறக்கப்படுகிறார்.

அங்ஙனமாயின் மேலும் அச்சுறுத்தினால் என்னை? ஜானிஸ், பெஷ்பாக் என்னும் இருவர் 1953இல் வெளியிட்ட பரிசோதனை இதற்கு விடை தந்தது. பற்களைப் பேணுதல் பற்றி மாணவருக்கு மூவகைச் சொற்பொழிவுகள் அளிக்கப்பட்டன. ஒன்று மிகக் கொடிய நோய்ப்படங்களைக் காட்டியது. ஒன்று அளவாக அச்சமூட்டியது. ஒன்று அமைதியாக அறிவுரை கூறியது. முதலாவதே மாணவரை மிகவும் கலக்கியது. எனினும், அறிவுரைப்படி ஒழுகத் தலைப்பட்டோரின் நிகர அளவு, கொடிய படங்களைக் கண்டோரில் நூற்றுக்கு 8. அளவாக அஞ்சியோரில் 22. அமைதியாகக் கேட்டோரில் 36. பின்வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை. அச்சம் பயன்பட்ட இடங்களும் உண்டு. ஆயினும், தப்பும் வழி தெரியாதவனுக்கு அச்சம் மட்டும் ஊட்டினால் அவன் செய்தியையே தட்டிக்கழிப்பான் என்னும் கருத்து வலுப்பெற்றது.

1965இல் லெவென்தாலும் அவர்தம் துணைவரும் யேல் பல்கலைக்கழக மாணவரிடையே நிகழ்த்திய ஆய்வு இன்னும் தெளிவானது. ஏற்புவலி நோயின் கொடுமை எல்லாருக்கும் உரைக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு மட்டும், தடுப்பூசி போடும் நிலையம் குறிக்கப்பட்ட வரைபடம் கொடுத்து, எந்த நேரத்தில் எவ்வழியாகச் செல்வதென்று திட்டமிடுமாறு கூறப்பட்டது. அந்நிலையம் எங்குள்ளது என்பதை மாணவருட் பலர் முன்பே அறிந்திருந்தனர். இருந்தும், திட்டம் பெறாதோரில் நூற்றுக்கு 3 பேரளவினரே ஊசி போட்டுக்கொண்டனர். திட்டம் பெற்றோரில் 28 பேரளவினர் போட்டுக்கொண்டனர். அச்சம் கூடியதோ குறைந்ததோ இவ்வெண்ணிக்கையைப் பெரிதும் மாற்றவில்லை. நல்லெண்ணத்துக்கு நாளும் இடமும் குறிக்கப்பட்டபோதே அது செயலாயிற்று.

பழக்கத்திற்கும் இடத்திற்கும் உள்ள பிணைப்பு மற்றோர் ஆய்வினால் விளங்கியது. வியட்னாம் போரிலிருந்து 1971இல் திரும்பிய அமெரிக்கப் போர்வீரரை லீ றொபின்ஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்தார். அங்கிருந்த காலத்தில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் ஹெரோயினுக்கு அடிமைப்பட்டிருந்தனர். அவர்களுள் ஊர் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு 5 பேரளவினரே. அக்காலத்திலே அமெரிக்க நகரங்களிற் சிகிச்சை பெற்றுப் பழைய தெருக்களுக்கே மீண்டோருட் பெரும்பாலார் திரும்பவும் வீழ்ந்தனர். போர்வீரரோ போர்க்களத்தையும் அங்கிருந்த கூட்டத்தையும் பின்னே விட்டு வந்தவர்கள். பழக்கத்தைத் தூண்டிய சூழல் நீங்கவே பழக்கமும் தளர்ந்தது.

யாழ்ப்பாணத்தாரின் நிலை இதற்கு மறுதலையானது. அவர்களுக்குப் போர்க்களமும் ஊரும் ஒன்றாகவே இருந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஏறக்குறைய முழுமையாக இடம்பெயர்ந்தனர். வடபகுதியிலே நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், 2007இல் வெளியிட்ட ஆய்வில், போரின் காயம் தனியாளோடு நில்லாது சமுதாயத்தையே பற்றுவதைக் காட்டினார். ஐயமும் நம்பிக்கையின்மையும் மௌனமும் பெருகுதல், பழைய வாழ்க்கை முறைகள் சிதைதல், ஒழுக்க நெறிகள் தளர்தல் ஆகியவற்றை அவர் எடுத்துரைத்தார். மாலையில் ஒருவனைக் கண்டிக்கும் பெரியவரும், அவன் துயரைக் கேட்கும் அயலாரும், கூடிச் செய்யும் கோயிற்பணியும் இல்லாதொழிந்த இடத்தில் மது எளிதிற் புகும். அதனை ஒருவனது மனவுறுதிக் குறைவு என்று மட்டும் கொள்ளுதல் நோயின் பாதியையே காண்பதாகும்.

இவ்வாராய்ச்சிகளின் பயன் யாது? சூழலை மாற்றுவதிற் சட்டத்துக்கு ஒரு பங்குண்டு. இலங்கையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரம் ஆகியவற்றின் விளம்பரத்தைத் தடைசெய்தது. 21 வயதிற்குக் குறைந்தோருக்கு அவற்றை விற்பதையும் விலக்கியது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நிகழ்ந்த நடைபயணத்தினாற் சேர்ந்த நிதி, தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழ உதவியது. எனினும், வாயினுள் தோன்றும் வெண்படையோ செம்படையோ தொடக்கத்தில் நோவு தருவதில்லை. நோவில்லாமையால் மக்கள் வைத்தியரிடம் செல்லப் பிந்துகின்றனர். பிந்திய நோய்க்குச் சிகிச்சை கடினமாகின்றது. "வாயைக் காட்டுங்கள்" என்று பொதுவாகச் சொல்வதினும், "வரும் செவ்வாய்க்கிழமை காலை பல் வைத்தியரிடம் சேர்ந்து போவோம்" என்று ஒரு பேரன் பாட்டியிடம் சொல்வது மிகுந்த பயன் தரும். கலியாண வீட்டுத் தட்டத்திலே புகையிலையை வையாதுவிடுதல் நூறு துண்டுப்பிரசுரங்களுக்கு ஈடாகலாம். ஏனெனில் அது கைநீட்டும் தருணத்தையே அகற்றிவிடுகின்றது. மதுவை விட முயல்பவனுக்குக் கண்டனத்தோடு, தவறணைக்குச் செல்லும் அந்த மாலை நேரத்தைக் கழிக்க வேறோர் இடமும் துணையும் வேண்டும். வாசிகசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் கோயில் மடங்களும் அவ்விடத்தைத் தரவல்லன. அவற்றை மாலையில் திறந்துவைக்கும் பொறுப்பு ஊராருடையது.