உயர்கல்வியும் ஆங்கிலப் பேச்சும்

ஒரு மொழியைக் கண்ணால் அறிதல் வேறு; நாவால் ஆளுதல் வேறு. ஆங்கில நூலிலுள்ள பந்தியொன்றை வாசித்து அதன் பொருளைப் பிழையின்றி விளங்கிக்கொள்ளும் மாணவர், அதே பொருளைப் பற்றி நான்கு வாக்கியம் பேசும்படி கேட்கப்பட்டதும் வாயடைத்து நிற்பதைக் கல்விக்கூடங்களிற் காணலாம். அறிவுக் குறைவு அதற்குக் காரணமன்று. நாவிற்குப் பழக்கம் இன்மையே காரணமாகும். இவ்வேறுபாடு வன்னிப் பெருநிலப்பரப்பில் இன்று கூர்மையாக உணரப்படுகின்றது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம், விவசாய பீடம், தொழினுட்ப பீடம் என்பன இயங்குகின்றன. 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகிய கல்விநிலையம், 2021 ஆகஸ்ட் 1 ஆந் திகதி வவுனியாப் பல்கலைக்கழகம் எனத் தனித்தன்மை பெற்றது. இந்நிறுவனங்களில் விஞ்ஞானமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. முல்லைத்தீவுக் கரையோரத்திலோ மாங்குளத்தை அடுத்த குடியேற்றமொன்றிலோ முதலாந் தரந் தொடக்கம் உயர்தரம் வரை தமிழிற் பயின்ற பிள்ளை, பல்கலைக்கழக வாயிலைக் கடந்ததும் வேறொரு மொழியிற் குறிப்பெடுக்கவும், வினவவும், விடையிறுக்கவும் வேண்டியவராகின்றார்.

இந்நிலை எவ்வாறு தோன்றிற்று? குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஆங்கிலப் பாடசாலை கட்டணம் செலுத்த வல்லார்க்கே உரியதாயிருந்தது. 1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழிக் கல்வியும் படிப்படியாக மேல்வகுப்புகளுக்குப் பரவியது. 1960 ஆம் ஆண்டளவிற் கலைப்பாடங்களைத் தாய்மொழியிற் கற்றோர் பல்கலைக்கழகம் புகுந்தனர். ஏழைக் குடியானவனின் பிள்ளையும் பட்டதாரியாகும் வாய்ப்பு அதனாற் பிறந்தது. ஆயின் மருத்துவமும் பொறியியலும் விஞ்ஞானமும் உயர்கல்வியில் ஆங்கிலத்திலேயே நிலைத்தன. ஆகவே பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே உயரமான படியொன்று எழுந்தது. அப்படியை ஏறும் பொறுப்பு மாணவர் மீதே விழுந்தது.

வன்னியில் அப்படி மேலும் உயரமானது. 2009 இல் முடிந்த போரின் இறுதிக் கட்டத்தில் மக்கள் முழுக் கிராமங்களாக இடம்பெயர்ந்தனர், பாடசாலைகள் மூடப்பட்டன, பிள்ளைகள் பலர் செட்டிகுளம் முகாம்களிற் கொட்டில்களிலிருந்து படித்தனர். ஆசிரியர் பற்றாக்குறை எல்லாப் பாடங்களையும் தாக்கியபோதும், வீட்டிற் பேசப்படாத மொழியாகிய ஆங்கிலமே அதனாற் பெரிதும் நலிந்தது. கணிதத்தைத் தனித்திருந்தும் ஓரளவு பயிலலாம்; பேச்சைத் தனித்திருந்து பயிலுதல் அரிது.

பரீட்சை முறையும் இதற்குத் துணை செய்யவில்லை. சாதாரணதர ஆங்கிலம் நெடுங்காலமாக எழுத்துப் பரீட்சையாகவே நடந்து வந்தது. உயர்தரத்திலுள்ள பொது ஆங்கிலத்தின் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குக் கணிக்கப்படுவதில்லை. எதற்குப் புள்ளியில்லையோ அதற்கு மாணவர் நேரம் ஒதுக்குவதில்லை. ஆனால் பல்கலைக்கழகத்திலோ கருத்தரங்கும், ஆய்வுத் திட்டத்தின் அளிக்கையும், வாய்மொழிப் பரீட்சையும் நாவின் வழியாகவே நடைபெறுகின்றன. ஆய்வுகூடத்தில் மாதக்கணக்காக உழைத்த ஒருவர், பத்து நிமிடத்தில் அதனைச் சொல்ல இயலாமையால் உழைப்புக்குரிய மதிப்பை இழக்க நேரிடும்.

இடர்ப்பாடுகளை வகுத்து நோக்கினால் அவை வெல்லக்கூடியவை என்பது புலனாகும். முதலாவது, ஒலி. தமிழிற் பகர ஒலி நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறுகின்றது. 'பல்' என்பதில் வன்மையாகவும், 'தம்பி' என்பதில் மென்மையாகவும் ஒலிக்கின்றது. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு எழுத்துகள். இரண்டும் சொல்லின் முதலில் வரும். பாதையைக் குறிக்கும் சொல்லும் குளியலைக் குறிக்கும் சொல்லும் தமிழெழுத்தில் 'பாத்' என்றே அமையும். ஆங்கிலச் செவிக்கு அவை இரண்டாகும். மறுபுறத்தில், ஈழத் தமிழருக்கு இயல்பாகவே ஒரு நன்மை உண்டு. 'வெற்றி', 'காற்று' முதலிய சொற்களில் அவர்கள் ஒலிக்கும் றகர இரட்டை, ஆங்கிலத்தின் 'ரி' என்னும் எழுத்தின் ஒலிக்கு மிக நெருங்கியது. 'பற்றறி' எனவும் 'ரிக்கற்' எனவும் அவர்கள் எழுதுவது இதனாலேயே. வன்னிப் பிள்ளையின் நாவில் ஆங்கிலத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே குடியிருக்கின்றது.

ஒலியினும் முக்கியமானது அழுத்தம். தமிழ்ச் சொல்லில் எவ்வசையை அழுத்தினும் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் அழுத்தம் தவறினாற் சொல்லே விளங்காது போகலாம். 15 என்பதைக் குறிக்கும் 'ஃபிப்ரீன்' ஈற்றசை நீண்டு அழுத்தம் பெறும். 50 என்பதைக் குறிக்கும் 'ஃபிப்ரி' முதலசையில் அழுத்தம் பெறும். ஏக்கருக்கு எத்தனை கிலோகிராம் பசளை இடவேண்டும் என்று விவசாய மாணவர் கூறும்போது, இவ்வொரு அழுத்தத்தில் விளைச்சலே தங்கியிருக்கிறது.

இரண்டாவது, வாக்கிய அமைப்பு. 'நேற்றுப் பெய்த மழையால் நிரம்பிய இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் இன்று திறக்கப்பட்டன' என்பது செம்மையான தமிழ் வாக்கியம். ஆங்கிலத்தில் வான்கதவுகள் முன்னே வரும். குளம் அடுத்து வரும். மழையும் நேற்றும் கடைசியில் வரும். தமிழில் எண்ணி ஆங்கிலத்திற் பெயர்ப்பவர் முழு வாக்கியத்தையும் தலைகீழாகப் புரட்டவேண்டியவராகின்றார். பேச்சு அதற்குக் காத்திராது. இதற்கு எளிய மருந்து உண்டு. 'நேற்று மழை பெய்தது. குளம் நிரம்பியது. இன்று வான்கதவுகள் திறக்கப்பட்டன' என மூன்றாகப் பிரித்துச் சொன்னால், இரு மொழியிலும் ஒழுங்கு ஏறத்தாழ ஒன்றே. சிறு வாக்கியம் அறிவின் சிறுமையைக் காட்டுவதன்று; தெளிவையே காட்டும்.

மூன்றாவது, அவை வழக்கு. ஆசிரியர் முன் அடங்கியிருத்தல் தமிழ் வீட்டில் மரியாதை. வாய்மொழிப் பரீட்சையிலோ மௌனம் அறியாமை என்றே கணிக்கப்படும். தமிழில் வினைமுற்றின் விகுதியே மரியாதையைச் சுமக்கின்றது. ஆங்கில வினைச்சொல்லில் அத்தகைய விகுதி இல்லை. 'குட் யூ', 'மே ஐ' போன்ற தொடக்கங்களே அப்பணியைச் செய்கின்றன. வினாவை மீண்டும் கூறும்படி கேட்டல், சிந்திக்கச் சிறிது நேரம் வேண்டுதல், மறுகருத்தைப் பணிவாகக் கூறுதல் ஆகிய மூன்றுக்கும் உரிய தொடர்களை மனனஞ் செய்தவர் அவையில் அஞ்சவேண்டியதில்லை.

சொல்வளம் பற்றிய அச்சமும் மிகையானது. 'ஆர்முடுகல்', 'அமுக்கம்', 'ஒளித்தொகுப்பு' ஆகியவற்றைத் தமிழிற் கற்றவருக்குக் கருத்து கைவந்துவிட்டது. புதிய பெயர் ஒன்றே வேண்டும். துறைச்சொற்களுக்கு அப்பால் எல்லாத் துறைக்கும் பொதுவான சொற்களும் உள. நியூசிலாந்தின் வெலிங்ரனிலுள்ள விக்ரோறியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவறில் கொக்ஸ்ஹெட் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலில் அத்தகைய 570 சொற்குடும்பங்கள் அடங்கியுள்ளன. 'அனலைஸ்', 'அசியூம்' முதலியன அவற்றுட் சில. நாளொன்றுக்கு இரண்டு குடும்பமாகக் கற்பவர் ஓராண்டுக்குள் அவற்றை முடித்துவிடலாம். ஒவ்வொன்றையும் தம் பாடத்தைப் பற்றிய வாக்கியமொன்றில் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பதே நிபந்தனை.

சரளம் பெறுதற்குச் செலவில்லாத பயிற்சியொன்று உண்டு. ஒரு பொருளைப் பற்றி ஒருவருக்கு நான்கு நிமிடம் பேசுதல். அதனையே வேறொருவருக்கு மூன்று நிமிடத்திற் பேசுதல். மூன்றாமவருக்கு இரண்டு நிமிடத்திற் பேசுதல். பொருள் மாறாமையால் மனம் சொல்லைத் தேடி அலைவதில்லை. நேரங் குறைவதால் நா விரைகின்றது. மேற்கூறிய பல்கலைக்கழகத்தின் போல் நேஷன் 1989 இல் இம்முறையை ஆராய்ந்து, பேச்சின் வேகம் கூடித் தயக்கம் குறைவதைக் காட்டினார். விடுதியறையில் நான்கு நண்பர் கூடினால் இதற்குப் போதும். அவர்களுள் ஒருவர் சிங்கள மாணவராயிருப்பின் மிக நன்று. இடையிலே தமிழுக்குத் தாவ வழியிராது. அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் நாட்டின் பல பாகத்து மாணவரும் ஒன்றாகப் பயில்வதால் இவ்வாய்ப்பு கைக்கெட்டியதே. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் வகுத்தமைக்கும் இத்தகைய பயனே பொருளாகும்.

செவிக்கும் பயிற்சி வேண்டும். வானொலியின் ஆங்கிலச் செய்தியை நாள்தோறும் பத்து நிமிடம் கேட்டு, வாசிப்பவரின் குரலை ஒட்டித் தாமும் தாழ்ந்த குரலிற் சொல்லிவருவோர் அழுத்தத்தையும் ஓசையையும் விதி படியாமலே பெறுவர். தம் பேச்சைக் கைத்தொலைபேசியிற் பதிந்து மறுநாட் கேட்டல், பிறர் கூறுமுன் தம் பிழையைத் தாமே அறியும் வழியாகும்.

ஆசிரியர்க்கும் இதிற் கடமை உண்டு. மாணவர் பேசும்போது இடைமறித்து இலக்கணப் பிழையைத் திருத்தினால், பிழையோடு பேச்சும் நின்றுவிடும். கருத்து முடியும்வரை கேட்டு, பின்னர் ஒன்றிரண்டு பிழைகளை மட்டும் சுட்டுதலே பயன் தரும். இலண்டன் உச்சரிப்பும் இங்கு குறிக்கோளன்று. இலங்கை ஆங்கிலத்துக்கும் தனக்கெனவுள்ள ஓசை உண்டு. கேட்போர்க்கு விளங்குவதே அளவுகோல்.

ஆங்கிலப் பேச்சைப் பயில்வதாற் தமிழ் குறைந்துவிடும் என்று அஞ்சுவோரும் உளர். தாய்மொழியிற் கருத்தைத் திருத்தமாகப் பெற்ற பிள்ளையே அதனை மற்றொரு மொழியிலும் திருத்தமாகச் சொல்ல வல்லது. வன்னியின் வயலையும் குளத்தையும் கடலையும் நேரில் அறிந்த மாணவர், அவற்றைப் பற்றி உலக அவையிற் பேசத் தகுந்தவர். அவரிடம் சொல்லுதற்குப் பொருள் இருக்கிறது. அதைச் சொல்லும் பழக்கத்தை நாளொன்றுக்குச் சில நிமிடப் பயிற்சி தந்துவிடும்.